எம்.ஓ.டி.க்காக ஒரு ஃபெர்ரி டிக்கெட்

வண்டியிலேயே தங்கி ஐரோப்பாவைச் சுற்றுகிறோம் என்று சொன்னால் ஊரில் இருப்பவர்கள் சாப்பாடு, குளியல், கழிப்பறை இந்த மூன்றைப் பற்றித்தான் கேட்பார்கள். இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்களோ கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ எம்.ஓ.டி.க்கு என்ன பண்றீங்க?" என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மற்றதெல்லாம் போகிற வழியில் பழகிவிடும், இது மட்டும் பழகாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் பதிவான கார், வேன், மோட்டார் ஹோம் எதுவானாலும் முதல் பதிவிலிருந்து மூன்று வருடம் முடிந்ததும் வருடத்துக்கு ஒரு தடவை அரசு அனுமதி பெற்ற ஒரு கராஜில் காட்டி, ஓடத் தகுதியானது என்று சான்று வாங்க வேண்டும், அதுதான் எம்.ஓ.டி. நம் ஊரில் லாரிக்கும் டாக்சிக்கும் எஃப்.சி. எடுப்பது மாதிரிதான், ஆனால் இங்கே சொந்த உபயோக வண்டிக்கும் உண்டு. பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், அடிச்சட்டத்தில் துரு, புகை எல்லாம் பார்ப்பார்கள். சாதாரண காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு, வீடு மாதிரி கட்டிய மோட்டார் ஹோமுக்கும் அதே தொகைதான். சுமார் ஒரு மணி நேர வேலை. இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும்.

அந்த ஒரு மணி நேரம் பிரிட்டனில்தான் நடக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். ஸ்பெயினில் அவர்களுடைய ஐ.டி.வி. என்ற வண்டிப் பரிசோதனை நிலையத்துக்குப் போய், காசு கொடுத்து, வண்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கச் சொல்லலாம். வண்டி நன்றாக இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அவ்வளவுதான். பிரிட்டன் கணக்கில் அது ஏறாது. ஜிப்ரால்டரில் பிரிட்டன் கொடியும் சிவப்புத் தபால்பெட்டியும் இருக்கின்றன, அங்கே செய்தாலும் ஏறாது.

வெளிநாட்டில் நீண்ட நாள் சுற்றும் ஒரு வண்டிக்கு வேண்டிய காகிதங்களை மேசையில் பரப்பினால் இது தெளிவாகப் புரியும். ரோடு டாக்ஸை போர்ச்சுகலில் ஒரு கேம்ப்சைட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் கட்டலாம். இன்சூரன்ஸைப் பெரும்பாலும் ஃபோனில் புதுப்பிக்கலாம். வீட்டு முகவரிக்கு வரும் கடிதத்தை யாராவது பிரித்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். எம்.ஓ.டி. ஒன்றுக்கு மட்டும் வண்டியே நேரில் போய் நிற்க வேண்டும். அதனால் வருடத்தின் மற்ற எல்லாத் திட்டத்தையும் இந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுவதே சரி என்பது என் கட்சி. பலர் வெயிலைப் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள், அப்புறம் பிப்ரவரி மாதக் குளிரில், போர்ச்சுகலின் ஃபாரோவிலிருந்து ஸ்பெயினின் சான்டாண்டேர் துறைமுகம் வரை ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, ஒரு முழு நாளுக்கு மேல் பிஸ்கே விரிகுடாவில் கப்பலில் ஆடிக்கொண்டு போர்ட்ஸ்மத் வந்து, ஒரு மணி நேரப் பரிசோதனை முடித்து, அதே வழியில் திரும்புகிறார்கள். இரண்டு பக்க ஃபெர்ரி டிக்கெட்டும் டீசலும் சேர்ந்தால் பரிசோதனைக் கட்டணம் போல எத்தனையோ மடங்கு.

போர்ச்சுகலின் தென்கோடியான அல்கார்வேயில் ஒரு கேம்ப்சைட்டில் துணி துவைக்கும் மெஷினுக்காக வரிசையில் நின்றபோது, என்னைவிடப் பல வருடம் மூத்த ஒரு ஆங்கிலேயர் இதைக் கேட்டுச் சிரித்தார். "எதுக்கு தம்பி இந்த அலைச்சல்? எனக்கு எம்.ஓ.டி. முடிஞ்சு பல மாசம் ஆச்சு. ஒருத்தரும் கேட்டதில்லை" என்கிற பாவனையில் பேசினார். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பிரிட்டன் வண்டியில் எம்.ஓ.டி.க்கு வெளியில் தெரிகிற அடையாளம் ஒன்றும் கிடையாது. ஜெர்மன் வண்டியின் பின்பக்க நம்பர் பிளேட்டில் பரிசோதனை முடியும் மாதத்தைக் காட்டும் வட்ட வில்லை ஒட்டியிருக்கும், நம்முடையதில் ஒன்றும் இருக்காது. முன்கண்ணாடியில் ஒட்டிய டாக்ஸ் வில்லையையும் 2014 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே கிராமத்து ரவுண்டானாவில் நிற்கும் போர்ச்சுகல் போலீஸ்காரருக்கு வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாதுதான்.

ஆனால் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் எந்த நம்பரைத் தட்டினாலும் அந்த வண்டியின் எம்.ஓ.டி. சரித்திரம் முழுவதும், எப்போது தேறியது, எதில் தோற்றது, எத்தனை மைல் ஓடியிருந்தது, எந்தத் தேதியில் முடிகிறது என்பது வரை, இலவசமாக வந்துவிடுகிறது. ஃபோன் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம். போலீஸைவிட எனக்கு இன்சூரன்ஸ்காரர்கள் மேல்தான் பயம் அதிகம். பாலிசியின் பொடி எழுத்தைப் படித்தால் வண்டி ஓடத் தகுதியான நிலையில் இருக்க வேண்டும், தேவையானால் எம்.ஓ.டி. இருக்க வேண்டும் என்ற வரி எங்கேயாவது இருக்கும். நாம் இடித்த எதிராளிக்கு அவர்கள் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், சட்டம் அப்படி. நம் சொந்த வண்டிக்கு, அதாவது நம் வீட்டுக்கு, கொடுக்கும்போதுதான் பேரம் ஆரம்பிக்கும். எம்.ஓ.டி. இல்லாத வண்டிக்குச் சந்தை மதிப்பே குறைவு என்று சொல்லியே தொகையைக் குறைக்க இடமிருக்கிறது. இதைப் பெரியவரிடம் சொன்னேன். "இடிச்சா பார்த்துக்கலாம்" என்றார். மெஷின் காலியானது, அவர் துணியைப் போடப் போய்விட்டார்.

இன்னொரு சங்கிலியும் இருக்கிறது, இது நிறையப் பேருக்குப் போன பிறகுதான் தெரிகிறது. ரோடு டாக்ஸ் புதுப்பிக்கும் நாளில் எம்.ஓ.டி. உயிரோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டிப் பதிவையும் டாக்ஸையும் பார்த்துக்கொள்ளும் அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வின் கணினி டாக்ஸை ஏற்காது. டைரக்ட் டெபிட் போட்டிருக்கிறோம், அதுபாட்டுக்கு ஓடும் என்று நினைத்தால், எம்.ஓ.டி. இல்லாத வருடத்தில் அது ஓடாது, நின்றுவிடும். உடனே வீட்டுக்கு ஒரு கடிதம் வரும், கவனிக்காமல் விட்டால் 80 பவுண்டு அபராதம் என்று அடுத்த கடிதம். சார்ன் போட்டுவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். சார்ன் என்பது வண்டி பொதுச் சாலையில் ஓடாமல் தனியிடத்தில் நிற்கிறது என்ற அறிவிப்பு. வண்டியோ செவில் பக்கம் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்ஸ் தொடங்கும் தேதியும் எம்.ஓ.டி. முடியும் தேதியும் எப்படி அமைந்திருக்கின்றன என்று கிளம்புவதற்கு முன்னாலேயே பார்த்து, டாக்ஸ் தொடங்கும் நாள் எம்.ஓ.டி. காலத்துக்குள் விழுமாறு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

எம்.ஓ.டி. முடிந்த வண்டியோடு திரும்பி வருபவர்களுக்குப் பிரிட்டன் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. முன்பதிவு செய்த பரிசோதனைக்குப் போகும் வழியில் எம்.ஓ.டி. இல்லாமல், டாக்ஸும் இல்லாமல் ஓட்டலாம். அதனால்தான் டோவர், போர்ட்ஸ்மத் மாதிரித் துறைமுக ஊர்களில் கப்பல் வரும் நாளுக்கே பரிசோதனைக்குப் பதிவு செய்துவிட்டு வருகிறார்கள். வழியில் சூப்பர்மார்க்கெட்டில் நிறுத்திவிட்டுப் போனால் அந்தச் சலுகை பற்றி வாதாட வேண்டியிருக்கும், இல்லாமல் ஓட்டியதற்கு 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. தவிர அந்த வாசல் பிரிட்டன் கரையில்தான் திறக்கிறது. அதற்கு முன்னால் ஸ்பெயினும் பிரான்ஸும் கடந்து வர வேண்டும், அங்கே இந்தச் சலுகை செல்லாது.

இதைப் பிரெக்ஸிட்டின் சாபம் என்று கேம்ப்சைட்களில் புலம்புவார்கள், அது சரியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயும் இதே கதைதான்: ஜெர்மன் வண்டிக்கு ஜெர்மனியில், பிரெஞ்சு வண்டிக்குப் பிரான்ஸில். ஆனால் அவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதனால் மூச்சு விட நேரம் இருக்கிறது. வேறு உறுப்பு நாட்டில் பரிசோதித்து ஆறு மாதத்துக்குத் தற்காலிகச் சான்று வாங்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் ஒரு யோசனையை முன்வைத்தது. பிரிட்டன் வண்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பிரெக்ஸிட் கொண்டுவந்தது வேறு இரண்டு கணக்கு. ஒன்று ஆளுக்கு, ஒன்று வண்டிக்கு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரையை எண்ணிக்கொண்டிருந்தார்கள், 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியே எண்ண ஆரம்பித்திருக்கிறது. (இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் இருப்பவர்கள் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும், அது தனித் தலைவலி.) வண்டிக்கு வேறு கணக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதிப்படி, அது தற்காலிகமாக உள்ளே வந்த பொருள், தனியார் வண்டிக்கு ஆறு மாதம். வேடிக்கை என்னவென்றால் பிரான்ஸ் துறைமுகமான கலேயில் இறங்கும்போது யாரும் இதற்கு ஒரு சீட்டும் தருவதில்லை. எல்லையைத் தாண்டி ஓட்டி வந்ததே அறிவிப்பு செய்த மாதிரி என்று விதியில் இருக்கிறது. அதனால் ஃபெர்ரி டிக்கெட், கடலுக்கடியில் பிரான்ஸுக்குப் போகும் டன்னலின் ரசீது எதையும் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறோம், வண்டி என்றைக்கு உள்ளே வந்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லை. ஆள்கள் விமானத்தில் திரும்பி, வண்டியை ஸ்பெயினில் ஒரு ஷெட்டில் விட்டுவிட்டு வந்தால், ஆளின் 90 நாள் நிற்கும், வண்டியின் ஆறு மாதம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதில் நம்மவர்கள் மாட்டக்கூடிய ஒரு இடம் உண்டு. லண்டன் தமிழர்களில் பாரிஸில் சொந்தம் இல்லாதவர்கள் குறைவு. அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் போய் அரிசி, மிளகாய்த்தூள், வாழையிலை எல்லாம் ஏற்றிக்கொண்டு, "வண்டி இங்கேயே நிக்கட்டும் அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன், இடைக்கிடை ஓடிக்கொண்டிருந்தால்தான் பேட்டரிக்கு நல்லது" என்று அங்கே இருக்கும் தம்பிமார் சொன்னால் மறுக்க மனம் வராது. மறுக்கத்தான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர், வண்டியின் உரிமையாளர் அங்கே இல்லாதபோது, வரி கட்டாமல் வந்த வெளிநாட்டு வண்டியை ஓட்டுவதைச் சுங்க விதி பொதுவாக ஒத்துக்கொள்வதில்லை. நாம் கூட இருக்கும்போது எப்போதாவது ஓட்டிக்கொடுப்பது வேறு. இன்சூரன்ஸில் அவர் பெயர் இருக்கிறதா என்பது அதற்கும் மேல்.

இன்சூரன்ஸைப் பற்றிச் சொன்னால், பிரிட்டன் பாலிசி எதுவானாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச மூன்றாம் நபர் காப்பு இருக்கும், 2021 ஆகஸ்ட் 2க்குப் பிறகு அங்கே கிரீன் கார்டு என்ற இன்சூரன்ஸ் அத்தாட்சியும் வேண்டாம். முழுக் காப்பு எத்தனை நாள் என்பதில்தான் சூட்சுமம். சாதாரண மோட்டார் ஹோம் பாலிசிகளில் வெளிநாட்டுக்கு 90 நாள் என்று இருக்கும், சிலவற்றில் 180, வண்டியிலேயே வாழ்பவர்களுக்கென்று 365 நாள் தருபவர்களும் இருக்கிறார்கள், விலை கூடுதல். புதுப்பிக்கும் நாளில் வண்டி பிரிட்டனில் இருக்க வேண்டும் என்று கேட்கும் கம்பெனிகளும் உண்டு. எங்கள் பழைய கம்பெனி அப்படிக் கேட்டதால்தான் அதை விட்டோம். வழியில் நின்றுபோனால் இழுத்துப்போகும் காப்பு தனி, அதில் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள் என்று இன்னொரு வரம்பு.

எங்களுக்கு ஒத்துவந்த ஏற்பாடு இது. செப்டம்பர் கடைசியில் எம்.ஓ.டி. முடிகிற மாதிரி வைத்திருக்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல். 90 நாள் தீர்கிற சமயத்தில் அல்ஹெசிராசிலிருந்து டான்ஜியருக்கு ஃபெர்ரி ஏறி மொராக்கோ. அங்கே ஆளுக்கு 90 நாள், வண்டிக்குத் தனியாகத் தற்காலிக இறக்குமதிச் சீட்டு உண்டு, அதைப் பாஸ்போர்ட்டைப் போலப் பாதுகாக்க வேண்டும், வண்டி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறுவது லேசில் நடக்காது. மார்ச் கடைசியில் திரும்பும்போது ஷெங்கன் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும், ஏப்ரல் முதல் ஜூன் வரை மறுபடி ஐரோப்பா. வண்டிக்கு ஒன்றியத்துக்குள் மொத்தம் ஆறு மாதம்தான் ஆகிறது. ஜூலையில் இங்கிலாந்து. கோடை முழுவதும் அங்கே, செப்டம்பரில் பரிசோதனை. முடியும் தேதிக்கு ஒரு மாதத்துக்குள் எடுத்தால் பழைய தேதி அப்படியே தொடரும், அதாவது செப்டம்பர் தொடக்கத்தில் தேறினாலும் அடுத்த வருடம் செப்டம்பர் கடைசி வரை செல்லும், கிட்டத்தட்ட பதின்மூன்று மாதம் கையில் கிடைக்கும். ஜனவரியில் எம்.ஓ.டி. முடிகிற வண்டியை வாங்கியிருந்தால்? ஒரு தடவை மட்டும் முன்கூட்டியே, அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே எடுத்துத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு மாதம் வீணாகும், போகட்டும், ஜனவரி மாத பிஸ்கே கடலைவிட அது மலிவு.

பரிசோதகர் தேறியது என்று கொடுக்கும் தாளில் 'அட்வைஸரி' என்று கீழே சில வரிகள் இருக்கும். முன் டயர் தேய்ந்து வருகிறது, பின் பிரேக் குழாயில் லேசான துரு, இப்படி. நிறையப் பேர் தேறிவிட்டதே என்று அதை மடித்து வைத்துவிடுவார்கள். எனக்கு அதுதான் அந்த வருட வேலைப் பட்டியல். மொராக்கோவிலும் போர்ச்சுகலிலும் மெக்கானிக் கூலி இங்கிலாந்தைவிடக் குறைவு, நேரமும் நமக்கு இருக்கிறது, ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தால் செப்டம்பரில் நெஞ்சு படபடக்காது. ஐரோப்பாவில் வலப்பக்கம் ஓட்டுவதற்காக முன்விளக்கில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பரிசோதனைக்கு முன் பிய்த்துவிடுங்கள், ஒளி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார்கள்.

மற்ற ஒட்டுவேலைகளை நான் பெரிதாக நினைப்பதில்லை. 2021 செப்டம்பர் 28 முதல் வண்டி எந்த நாடு என்று காட்டும் பழைய ஜி.பி. ஸ்டிக்கர் போய் யூ.கே. ஸ்டிக்கர் வேண்டும். ஜெர்மன் நகரங்களின் மாசுக் கட்டுப்பாட்டு வட்டத்துக்குப் பச்சை வில்லை. சைக்கிள் ஸ்டாண்ட் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சதுரப் பலகை. வாங்கி மாட்டினால் முடிந்தது. வி5சி எனப்படும் பதிவுப் புத்தகம் மட்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், நகல் போதாது. அதில் இருக்கும் முகவரிக்குத்தான் எல்லாக் கடிதமும் வரும், லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் மச்சான்தான் எங்கள் தபால் ஆபீஸ். "மாமா, பிரவுன் கவர் ஒண்ணு வந்திருக்கு, பிரிக்கவா?" என்று வாட்ஸ்அப்பில் வரும். அவர் நம்பகமான ஆள், ஆனால் லீவில் ஊருக்குப் போகும்போது கவர்கள் குவிந்துவிடும், அந்த ஒரு மாதம் மட்டும் கொஞ்சம் திக்கென்று இருக்கும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி வெளிநாட்டில் இருக்கப் போகிறது என்றால் அதைப் பயணம் என்று அரசு பார்ப்பதில்லை, நிரந்தர ஏற்றுமதி என்று டி.வி.எல்.ஏ.வுக்கு எழுதிவிட வேண்டும், அப்புறம் எங்கே இருக்கிறீர்களோ அங்கே பதிவு செய்து அந்த ஊர்ச் சட்டப்படி ஓட்ட வேண்டியதுதான்.

தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோடு கிளம்ப நினைக்கும் நண்பர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு எங்களுக்கு எப்படி என்கிறார்கள். அங்கே முதல் தலைவலி வேறு: கார்னே. வண்டியை ஒரு நாட்டுக்குள் கொண்டுபோய் விற்காமல் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்கான சுங்க உத்தரவாதப் புத்தகம் அது. மும்பையில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் மாதிரி அமைப்புகள் பிணைத்தொகை வாங்கிக்கொண்டு தருகின்றன, ஒரு வருடம் செல்லும். இரான், பாகிஸ்தான் வழியாகப் போவதானால் அது இல்லாமல் நகர முடியாது. இந்திய இன்சூரன்ஸைக் கூடுதல் பிரீமியம் கட்டி நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு வரைதான் நீட்டிக்கலாம், அதற்கு அப்பால் எல்லைக்கு எல்லை புதிதாக வாங்க வேண்டும். புகைச் சான்று வழியில் காலாவதியாகும், அதற்கும் வண்டி இந்தியாவில் இருக்க வேண்டும். பதினைந்து வருடம் நெருங்கிய வண்டி என்றால் ஆர்.சி. முடியும் தேதியை இப்போதே பாருங்கள், அதைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி நிற்க வேண்டும், கஜகஸ்தானிலிருந்து அதைச் செய்ய முடியாது. கார்னேயில் ஒவ்வொரு நாட்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் முத்திரை வாங்க வேண்டும், ஒரு வெளியேற்ற முத்திரை விட்டுப்போனாலும் வண்டி அந்த நாட்டிலேயே இருக்கிறது என்றுதான் கணக்கு. எல்லா நாட்டிலும் ஒழுங்காக வாங்கிவிட்டு, ஊருக்கு வந்த சந்தோஷத்தில் இந்தியத் துறைமுகத்தில் மறுஇறக்குமதி முத்திரையை வாங்காமல் வீட்டுக்குப் போய்விடாதீர்கள், பிணைத்தொகை திரும்பி வருவது அந்த முத்திரையைக் காட்டிய பிறகுதான்.